கோட் கட்டாயம்

கப்பலில் ஃபார்மல் இரவுக்கு என்ன உடுத்துவது என்று இன்றைக்கு யாராவது என்னிடம் வந்து கேட்டால், கேட்ட வாய்க்கு நல்ல பதில் கிடைக்காது. எங்கள் ஓசூரில் ஃபார்மல் என்றால் இன்டர்வியூவுக்குப் போகிறவன் சட்டையை பேண்ட்டுக்குள் விட்டுக்கொள்வது. அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு அதற்கு மேலும் ஒரு அர்த்தம் இருக்கிறது என்று நடுக்கடலில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கரையிலேயே தெரிந்திருந்தால் அந்தக் கப்பலில் காலே வைத்திருக்க மாட்டேன்.

நான் ராயக்கோட்டைக்காரி. தக்காளி மண்டிச் சத்தத்தில் வளர்ந்தவள். மெதுவாகப் பேச எனக்கு வராது. வீட்டுக்காரர் அஞ்செட்டிப் பக்கம். நானும் அவரும் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். வண்டிக்குப் போகும் புஷ் என்கிற இரும்பு வளையத்தைக் கடைந்து ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்கிறோம். எங்கள் பக்கத்தில் பாதிப் பட்டறைகளைப் போல எங்களுடையதும் வீட்டுக்காரியின் பெயரில்தான் இருக்கிறது. பெண் பெயரில் இருந்தால் சலுகை உண்டு என்று எழுதி வைப்பது. பேப்பரில் ஓனர் நான். வெளியில் எல்லோருக்கும் ஓனர் அவர்.

அவருக்கு ஓர் அண்ணன். மூத்தவர். அவரும் அதே கம்பெனிக்கு வண்டிப் பாகம் செய்கிறவர்தான், எங்களைவிடப் பெரிய பட்டறை. முன்பு அண்ணன் தம்பி இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் வேலை பார்த்தார்கள். அந்த மனிதருக்கு ஒரு பழக்கம். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும், நாலு பேர் சேர்ந்துவிட்டால் என் வீட்டுக்காரரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "பத்தாவது வரைக்கும் இவன் என் சட்டயத்தான் போட்டான். கேட்டுப் பாருங்க." எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணன் சட்டையைத் தம்பி போடாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? எந்த அண்ணன் அதை ஊர் கூட்டிச் சொல்கிறான்?

தனியாகப் பட்டறை போடுகிறேன் என்று இவர் சொன்ன அன்று, ஆப்பரேட்டர்கள் எல்லாம் பார்க்க, வாசலில் நின்று மூத்தவர் சொன்ன வார்த்தை இது: "போடா, போ. எங்க போனாலும் திரும்பி என் சட்டயக் கேட்டுத்தான் வருவ." இவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் மட்டும் திரும்பிப் பார்த்து, மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். செத்தாலும் இந்த ஆளிடம் கை நீட்டக் கூடாது.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் சொல்ல உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஆனால் போன வருடம் எங்கள் பட்டறையிலிருந்து போன சரக்கில் ஒரு பீஸ் கூடத் திரும்பி வரவில்லை. கம்பெனி எங்களுக்கு ஷீல்டு என்று அறிவித்தது. பாகம் செய்து கொடுக்கிற எல்லோரையும் ஜோடியாக சென்னையில் கப்பல் ஏற்றி, கடலில் சுற்றிக் காட்டி, இரண்டாம் நாள் இரவு விருந்தில் மேடையில் வைத்துக் கொடுப்பார்களாம். மூத்தவரும் அவர் மனைவியும் அதே கப்பலில்தான். வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஃபார்மல் நைட், லேடீஸ் எலிகண்ட், ஜென்ட்ஸ் கோட் கட்டாயம்.

எலிகண்ட் என்றால் பட்டுப்புடவை என்று முடிவு செய்தேன், அதில் குழப்பமில்லை. கோட்டிலும் எங்களுக்குக் குழப்பம் வரவில்லை, அதுதான் கொடுமை. தொழிற்பேட்டையில் கோட் என்றால் ஒன்றுதான். மிஷினில் நிற்கிறவன் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளும் நீலக் கோட். பையில் பட்டறையின் பெயர் நூலால் தைத்திருக்கும். 'கோட், ஷூ கட்டாயம்' என்று எங்கள் கதவிலேயே பலகை தொங்குகிறது. கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வந்தால் முதலில் பார்ப்பது கோட்டைத்தான், கடைசியில் எல்லோரையும் கோட்டோடு நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். கப்பலிலும் அப்படி ஒரு படம் எடுக்கப்போகிறார்கள் என்று இவர் சொன்னார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று புதிதாக இரண்டு கோட்டை எடுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி, மடிப்புக் கலையாமல் பெட்டியில் மேலாக வைத்தது நானேதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம். கோட் இரண்டையும் அறையில் மாட்டி வைத்திருந்தோம். மூத்தவரின் மனைவி, என் ஓரகத்தி, கதவைத் தட்டினாள். அவள் ஆனேக்கல் பக்கத்துக்காரி, பாதிக்குப் பாதி கன்னடம் கலந்துதான் பேசுவாள். எட்டிப் பார்த்தவள் கோட்டைப் பார்த்தாள்.

"ஏனம்மா இது? கப்பல் இஞ்சின் ரிப்பேரா?"

"கோட் கட்டாயம்னு போட்டிருந்தாங்களேக்கா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. "அய்யோ தேவரே! கோட்டுன்னா கோட்டு சூட்டும்மா! ரிசப்ஷன்ல மாப்பிள்ள போடுவானே, அது!" என்று சொல்லிவிட்டு, புருஷனைக் கூப்பிடத் தன் அறைக்கு ஓடினாள். எங்கள் வீட்டுக்காரரின் முகம் செத்துவிட்டது. அவர் கோட் சூட் போட்டது எங்கள் ரிசப்ஷனில் ஒரே ஒரு நாள், அதுவும் வாடகைக்கு எடுத்தது.

மூத்தவர் கையில் ஜிப் வைத்த உறையோடு வந்தார். உள்ளே ஒரு கறுப்புக் கோட்.

"ரெண்டு எடுத்துட்டு வந்தேன். ஒன்னு இவன் போட்டுக்கட்டும்" என்றார். பிறகு இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு. "புதுசா என்ன, சின்னதுல இருந்து பழக்கந்தான?"

"வேணாங்க மாமா, எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"உன்னக் கேட்டனா? இது இல்லாம வாசல்ல விடமாட்டான். மேடைக்கு எப்படிப் போவான்?" என்று சொல்லி, உறையைக் கட்டில் மேல் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்தது சண்டை. இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "நான் வரல. மேல் மாடியில அரை டவுசரோட போனாலும் சோறு போடறான், அங்க போய்த் தின்னுட்டுப் படுத்துக்கலாம்" என்றார்.

"ஷீல்டு?"

"நாளைக்கு ரூமுக்கே குடுத்துடுவாங்க."

"ரூமுக்குக் குடுக்கறதுக்கு அது என்ன தண்ணி பாட்டிலா? ஒரு வருஷமா ராவும் பகலும் நின்னு கடஞ்சது நாம. ஒரு கோட்டுக்காவப் பயந்துக்கிட்டு இங்க குந்திக்கிறதா?"

"கோட்டு இல்லாம உள்ள விடமாட்டானாமே!"

"அப்ப அண்ணன் கோட்டப் போடப் போறீங்களா?"

அவர் அந்த உறையைப் பார்த்தார். போட்டுக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மேடையில் வாங்குவது எங்கள் ஷீல்டாக இருக்கும், ஆனால் காலத்துக்கும் ஊரில் பேச்சு வேறாக இருக்கும். ஷீல்டு வாங்கும்போதும் அவன் என் கோட்டத்தான் போட்டிருந்தான், கேட்டுப் பாருங்க. தோளில் கை வேறு.

பட்டுப்புடவையைக் கட்டினேன். பூ வைத்தேன். அதற்கு மேல் நீலக் கோட்டை எடுத்து மாட்டிப் பொத்தானைப் போட்டேன்.

"ஏய், என்ன பண்ற? பைத்தியமா உனக்கு?"

"கோட்டு கட்டாயம்னுதான சொன்னான்? போட்டாச்சு" என்று கதவைச் சாத்திவிட்டு நடந்தேன்.

சாப்பாட்டு ஹால் வாசலில் ஒரு பையன், வெள்ளைக் கையுறை போட்டவன், என்னைப் பார்த்ததும் மிகவும் மரியாதையாக, கப்பல் வேலையாட்கள் சாப்பிடும் இடம் கீழ்த்தளம் என்று ஆங்கிலத்தில் சொல்லிப் படிக்கட்டைக் காட்டினான். இஞ்சின் அறையிலிருந்து வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்தான் போல. பூ வைத்த இஞ்சின்காரியை எங்கே பார்த்தானோ. "ஓனர்" என்றேன், பையிலிருந்த பெயரை விரலால் தட்டிக் காட்டி. அதற்கு மேல் ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை, என் குரலே போதுமாக இருந்தது.

உள்ளே போனால் ஒரே கண்காட்சி. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை வயிற்றுக்கு மேல் பூட்ட முடியாமல் திறந்துவிட்டுக்கொண்டு பாதி ஆம்பிளைகள். ஒருவர் செங்கல் நிறத்தில் வெல்வெட். இன்னொருவர் கைப்பட்டையில் கடைக்காரன் தைத்த லேபிளைப் பிரிக்காமலே வந்திருந்தார், அதுதான் அழகென்று நினைத்தாரோ என்னவோ. பெண்களில் பலர் ஜிகினா கவுன். ஓரகத்தியும் ஒன்று போட்டிருந்தாள். நின்றால் ராணி மாதிரி இருந்தாள், உட்கார முடியவில்லை. நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டு சூப்பைக் குடித்தாள். இவர்கள்தான் என் கோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்!

எங்கள் பட்டறையின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். ஹாலில் பேச்சு நின்றுபோனது. கம்பெனியின் பெரிய அதிகாரி ஷீல்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் தேடினார்.

"உங்க சார் எங்கம்மா?"

"ரூம்ல இருக்காருங்க. ஓனர் நான்தான். பேப்பர்ல எப்பவோ, நேர்ல இன்னிக்கு."

அவர் என் கோட்டுப் பையில் இருந்த பெயரைப் படித்தார். முகம் மலர்ந்தது. மைக்கில், "பாருங்க, இதுதான் பிராண்டிங்!" என்றார். அட கடவுளே. நான் அதைக் கேட்டு நிற்க, ஹால் முழுக்கக் கை தட்டியது. மூத்தவர் மட்டும் தட்டவில்லை. கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

ஷீல்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்து கதவைத் திறந்தேன். வீட்டுக்காரர் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் கோட்டில். டை கூடக் கட்டியிருந்தார், கோணலாக. கை நீளம் அதிகமாகி விரல்கள் பாதி மறைந்திருந்தன.

"நீ தனியா அங்க போய் நிப்பியேன்னு..." என்று இழுத்தார். "வீடியோ பார்த்து டை கட்டிட்டு இருந்தேன். அதுக்குள்ள முடிஞ்சுதா?"

எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. "கழட்டுங்க மொதல்ல" என்றேன். கழட்டினார். நானே அதை உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, நேராக மூத்தவர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவர்கள் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

"உங்க கோட்டுங்க மாமா. உறையக் கூடப் பிரிக்கல" என்றேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

அவர் வாங்கிக்கொண்டார். ஜிப்பைத் திறந்தார். சும்மா, பழக்கத்தில் திறக்கிற மாதிரிதான். கோட்டுப் பைக்குள் கையை விட்டார். கையோடு வந்தது என் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடி. ஒரு காதில் நான் செம்புக் கம்பி சுற்றிக் கட்டிக் கொடுத்த கண்ணாடி, உலகத்தில் வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. டை வீடியோ பார்த்துவிட்டு மனுஷன் பைக்குள் போட்டிருக்கிறார்.

மூத்தவர் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் காதெல்லாம் சுட்டது. சொல்லட்டும், என்னிடமும் பதில் இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்ரீ அது, என்னங்க?" என்று உள்ளேயிருந்து ஓரகத்தி கேட்டாள்.

"ஒன்னுமில்ல" என்றார் மூத்தவர். கண்ணாடியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடி தலையணைக்கடியில் கிடந்ததாக வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதனால் இந்த விஷயம் தெரிந்தவர்கள் நானும், நான் மூஞ்சியிலேயே முழிக்க விரும்பாத அந்த ஆளும்தான். நானும் காத்துக்கொண்டிருக்கிறேன், எந்த விசேஷத்தில் போட்டு உடைக்கப்போகிறார் என்று. உடைக்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். இதை என்ன செய்வது?

போன மாதம் அஞ்செட்டிப் பக்கம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. நான் சாம்பார் வாளியோடு பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இலை. மூத்தவர் பழையபடி இவர் தோளில் கையைப் போட்டார். "பத்தாவது வரைக்கும் இவன்..." என்று ஆரம்பித்தார். வாளியோடு அப்படியே நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பத்தாவது வரைக்கும் இவன் கணக்குல கெட்டி. கேட்டுப் பாருங்க" என்று முடித்துவிட்டு இலையில் குனிந்துகொண்டார்.

வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பதில்கள் அத்தனையும் என் வாய்க்குள்ளேயே கிடந்தன. "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா மாமா?" என்றுதான் கேட்க வந்தது. சே!