உலக உருண்டை போட்ட சான்றிதழ்

என் அப்பா அதை உலக உருண்டை என்றுதான் நினைத்தார்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்கியது. கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டியில் எங்கள் அணி முதலிடம் பெற்றதற்கான சான்றிதழ். மேலே நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பந்து. பந்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வளைந்த கறுப்புக் கோடுகள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று தலைமையாசிரியரின் மேஜையில் ஓர் உலக உருண்டையைப் பார்த்திருந்தார். அதிலும் இப்படித்தான் கோடுகள் இருந்தன. படிப்பு என்றால் அவர் மனதில் அந்த உருண்டைதான்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இன்னாடா இது, உலக உருண்டைலாம் போட்டுக் குட்த்துகீறாங்க?"

"ஃபர்ஸ்ட் வந்ததுக்குப்பா" என்றேன். பொய் இல்லை. எதில் முதலாவது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிடும்போது அவர் அம்மாவிடம், "காலேஜ்லயே மொத ஆளா வந்துகீறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரமே சட்டம் போட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நான்கு பேர் என் தோளைத் தட்டினார்கள். அதன் பிறகு சொல்வதற்கான இடம் எதுவும் மிச்சம் இல்லை.

உண்மையில் அப்போது எனக்குக் கணிதத்தில் மூன்று தாள் அரியர்.

ஆறடி இரண்டு அங்குல உயரத்துக்காகத்தான் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடியும் முன் பயிற்சி, மாலையிலும் பயிற்சி. போட்டி நாட்களுக்கு வகுப்புக்கு வராமலேயே வந்ததாகக் குறித்துக்கொள்வார்கள். அதற்கு ஓ.டி. என்று பெயர். இரண்டு வருடத்தில் நான் வகுப்பறையில் இருந்த நாட்களைவிட ஓ.டி. நாட்கள் அதிகம். பந்து கையில் இருந்தவரை ஒருவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்கத் தெரிந்தவர்களும் இல்லை.

என்னோடு அதே வகுப்பில், அதே அணியில், பருத்திப்பட்டிலிருந்து ஒருவன் வந்தான். என் நண்பன் என்று அவன் ஒருவனைத்தான் சொல்வேன். குள்ளம். என் தோள் உயரம்கூட இல்லை. ஆனால் பந்து அவன் கையில் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று எதிரணிக்குத் தெரியாது. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அவன் பந்தை மூன்று முறை அழுத்தித் தட்டுவான். மூன்றாவது தட்டில் நான் என்னைத் தடுத்து நிற்பவனின் முதுகுப் பக்கமாகத் திரும்ப வேண்டும். நான் திரும்பும்போது பந்து என் கையில் இருக்கும். எதிரணிக்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் நிற்பார்கள். கேட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். ஜன்னலுக்குக் கீழே மூன்று தட்டு. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். நான் கைலியை மாற்றிக்கொண்டு இறங்குவேன். அம்மா, "உன் பந்து வந்துச்சு, போ" என்பாள்.

அவனுக்கு என்னைவிட அதிகமாக அரியர் இருந்தது. "அரியர்னா இன்னா மாமே, நெத்தியில ஒட்டிகினா கீது?" என்பான். அவன் கண் முழுக்க ஒரு வங்கியின் அணி மேல். அந்த அணிக்கு எடுத்தால் வேலையும் கூடவே வரும். அந்த அணியின் பயிற்சியாளர் எங்கள் ஆட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "கடைசி வருஷம் ஃபைனல்ல ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கறேன்" என்று சொல்லியிருந்தார். சேர்த்து என்ற அந்தச் சொல்லை அவன் எத்தனை முறை திரும்பச் சொன்னான் என்று கணக்கே இல்லை.

மூன்றாம் ஆண்டு தொடங்கிய சில வாரங்களில், ஒரு ஞாயிறு, அப்பா ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கோ போய்வந்தார். எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தார். மறுநாள் மாலை, தொழிற்சாலையில் அப்பாவின் பிரிவுக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் மார்க்கெட் பக்கம் என்னைப் பார்த்து சைக்கிளை நிறுத்தினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மெதுவாகத்தான் பேசுவார்.

"தம்பி, உங்க அப்பா நேத்து எங்க வீட்டுக்கு வந்தாரு. உன் சர்டிபிகேட்ட காட்டினாரு. மகன் டிகிரி முடிச்சிட்டான், உள்ள எதுனா எடம் இருந்தா சொல்லுங்கன்னாரு."

நான் அவர் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் வாசிச்சுப் பாத்தேன். அவர்ட்ட ஒண்ணும் சொல்லல. டீ குடுத்து அனுப்பினேன். ஜூன் மாசம் இன்னொரு சர்டிபிகேட் வரும், அதையும் சேத்துக் கொண்டாங்கன்னு மட்டும் சொல்லிருக்கேன்." அவர் பெடலில் கால் வைத்தார். "வருமா தம்பி?"

"வரும் சார்."

"அப்ப சரி."

அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். துண்டில் சுற்றிய சட்டத்தை அப்பா அந்த மனிதர் முன்னால் பிரித்துக் காட்டிய விதத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காததாலேயே அதை விதவிதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு வீட்டுக்கு வந்தபோது சட்டம் மறுபடி ஆணியில் இருந்தது. கொஞ்சம் சாய்ந்து. நேராக்கக் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டேன்.

காலைப் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு மாலைப் பயிற்சியைப் பாதியாக்கினேன். நவம்பரில் இரண்டு தாள் தேறியது. ஜன்னலுக்குக் கீழே மூன்று தட்டு கேட்கும். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சிறிது நேரம் கழித்து இன்னொரு மூன்று. பிறகு பந்தைத் தட்டிக்கொண்டே அவன் போவது, குவார்ட்டர்ஸ் முனை திரும்பும்வரை கேட்கும்.

மூன்றாவது தாள் ஏப்ரலில், மதியம் இரண்டு முதல் ஐந்துவரை. இறுதிப் போட்டியும் அன்றுதான் என்று அட்டவணை வந்தது. அம்பத்தூரில், மாலை ஐந்து மணிக்கு.

அட்டவணையைப் பார்த்த அன்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உருண்டையை, சார்ஜ்மேனை, ஜூன் மாதத்தை. அவன் பந்தின் மேல் உட்கார்ந்து கேட்டான்.

"தோ பாரு மச்சான். பேங்க் வேலை கெட்ச்சி, மொத சம்பளத்துல உங்கப்பாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக் குட்த்தீனா, அவரு சர்டிபிகேட்டா கேப்பாரு?"

அவன் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கலாம்.

"நவம்பர்ல எழ்திக்கலாம் அத்த. இல்லியா, ரெண்டு மணி நேரம் எழ்து. நாலு மணிக்கு எந்திரிச்சி வா. எங்க மாமன் மொபெட் கீது, எட்த்துகினு வந்து காலேஜ் பின்னால நிக்கிறேன். அர அவர்ல அம்பத்தூரு."

"பாக்கலாம்" என்றேன்.

வர மாட்டேன் என்று அப்போதே எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நான் விளையாட்டை விட்டதை என்னால் நியாயப்படுத்த முடியும். படிப்புக்காக விட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் 'பாக்கலாம்' என்று சொன்னதற்கு எதையும் காரணமாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். எனக்குப் பதிலாக வேறொருவனைத் தயார் செய்யப் போன எங்கள் பயிற்சியாளரிடம், "அவன் வந்துருவான் சார், நான் கூட்டியாறேன்" என்று சொல்லித் தடுத்ததே அவன்தான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தேர்வன்று மூன்று மணிக்குமேல் கரண்ட் போய்விட்டது. மின்விசிறிகள் மெல்லச் சுற்றி நின்றன. அறையில் பேனாக்களின் கீறலும், கண்காணிப்பாளரின் செருப்பும் தவிர வேறு சத்தம் இல்லை. கை வியர்வை விடைத்தாளில் படாமல் இருக்கக் கைக்குட்டையை மடித்து மணிக்கட்டின் கீழே வைத்துக்கொண்டேன். எழுதியதற்கெல்லாம் ஓரமாக மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டு வந்தது. நாற்பது வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் பந்து மூன்று முறை விழுந்தது.

தார் ரோட்டில் விழும் பந்துக்கு ஒரு கனத்த சத்தம் உண்டு. மூன்றாவது தட்டில் என் இடது தோள் தானாகத் திரும்பியது. இரண்டு வருடப் பழக்கம். கண்காணிப்பாளர், "என்ன, ஷீட் வேணுமா?" என்றார்.

"ஆமா சார்."

கூடுதல் தாளை வாங்கி, நூலைக் கட்டினேன். மறுபடி மூன்று. கொஞ்சம் பொறுத்து, மறுபடி மூன்று. ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளி, ஒரே அழுத்தம். கோபமாகக்கூடத் தட்டவில்லை அவன். நான் ஒரு கணக்கைத் தொடங்கி, தவறி, அடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். நான்கு இருபதுக்கு மொபெட்டை உதைக்கும் சத்தம் கேட்டது. முதல் உதைக்குக் கிளம்பவில்லை. மூன்றாவது உதைக்குக் கிளம்பியது.

ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் அணி தோற்றது. அவன் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, கை கால் சூடேற்றக்கூட நேரம் இல்லாமல் இறங்கியிருக்கிறான். பாஸ் கொடுக்கும் இடத்தில் ஆள் இல்லை. வங்கிக்காரர்கள் பாதியிலேயே எழுந்து போனதாகச் சொன்னார்கள். யாரையும் எடுக்கவில்லை.

ஜூனில் மதிப்பெண் வந்தது. அந்தத் தாளில் ஐம்பத்தெட்டு. நான்கு மணிக்குள் எழுதியிருந்ததே போதுமா என்று அந்தத் தாளை எத்தனையோ முறை மனதுக்குள் திருத்திப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் போதும் என்றுதான் வருகிறது.

பட்டச் சான்றிதழை அப்பாவிடம் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல உலக உருண்டை இல்லியே நைனா?"

"இதுல போட மாட்டாங்கப்பா."

"செவுத்துல கீறதுதான் பாக்க நல்லா கீது. அது அங்கியே இருக்கட்டும். இத்த பத்தரமா பொட்டில வை."

சார்ஜ்மேனிடம் இதைக் காட்டினேன். வாசித்தார், தலையசைத்தார். வேலை அங்கே கிடைக்கவில்லை. திருமுல்லைவாயிலில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாரானேன். என் வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். இரண்டு தட்டில் நின்றால் மூன்றாவதற்காகச் சாக்பீஸைப் பிடித்தபடி காத்திருக்கிறேன். மூன்று கேட்டுவிட்டால் கரும்பலகையில் என்ன எழுதினேன் என்பது மறந்துவிடுகிறது. சில நாட்களில் வெளியே யாரும் இருப்பதில்லை. அப்போதும் கேட்கிறது.

ஜன்னலுக்குக் கீழே அவன் அதன் பிறகு வரவில்லை. நான்கு வருடம் கழித்து, போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், அப்பா அவனை அண்ணனூர் ஸ்டேஷனில் பார்த்துவிட்டு, பண்டிகைக்கு வரச் சொல்லிவிட்டார். அங்கே ரயில் பெட்டி நிறுத்தும் ஷெட்டில் ஒப்பந்த வேலை செய்கிறானாம்.

வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். அம்மா தட்டில் கேக்கும் முறுக்கும் வைத்தாள். என்னைப் பார்த்து, "இன்னா வாத்தியாரே" என்றான். மாமே என்று சொல்லவில்லை. அப்பா அவன் தோளைப் பிடித்துச் சுவர் பக்கம் திருப்பினார்.

"இத்த பாத்துகீறியா? உன் சிநேகிதன் படிச்சி வாங்குனது. உலக உருண்டை போட்டது."

அவன் முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். முழுதும் வாசித்தான் என்று நினைக்கிறேன். அதே போட்டியில், அதே நாளில், அதே சான்றிதழ் அவனுக்கும் கொடுக்கப்பட்டது.

"எங்கூட்லயும் ஒண்ணு கீதுப்பா" என்றான்.

"அப்போ நீயும் படிச்சவன்தான்னு சொல்லு."

"படிச்சேன். கடைசிப் பேப்பருதான் போச்சு."

"அத்த எழ்திடறது தானே?"

"தனியா எழ்துற பேப்பர் இல்லப்பா அது" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தான். அப்பா ஏதோ பெரிய படிப்பு போலிருக்கிறது என்று தலையாட்டினார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். அவன் குனிந்தபடியே கேட்டான்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. அன்னிக்கு நான் தட்னது உனக்குக் கேட்டுச்சா, இல்லியா?"

உண்மையைச் சொல்ல எனக்கு அதுவரை கிடைத்த இடங்களிலேயே அதுதான் சுலபமான இடம். யாரும் பக்கத்தில் இல்லை. அவன் என்னை அடிக்கப்போவதுமில்லை.

"கேக்கல" என்றேன்.

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு வாரைச் சரிசெய்துகொண்டான்.

"அதானே. ஃபேன் சத்தத்துல கேட்டிருக்காது."

குவார்ட்டர்ஸ் முனைவரை அவன் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தேர்வு முடிந்து வந்து பார்த்தபோது, கல்லூரியின் பின்பக்கச் சுவரை ஒட்டியிருந்த டீக்கடையிலும் கரண்ட் இல்லாமல் ஃபேன் நின்றிருந்தது. அவன் அதன் வாசலில்தான் நின்றிருந்தான்.