சுடுதண்ணி

மகனின் பனியன் கம்பெனியில் இன்று மிஷின் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும், எப்போதோ இடித்துவிட்ட ராயபுரம் லைன் வீடும் அப்பாவின் கட்டிலும் நினைவுக்கு வந்தன. பனியன் மிஷின் ஓட்டிய அவர் உள்ளங்கைகளில் அந்த வாசனை போனதே இல்லை. அந்தக் கைகளில்தான் பங்குச் சாமியார் மந்திரித்த எண்ணெயால் சிலுவை வரைந்து அவஸ்தைப்பூசுதல் என்ற அருட்சடங்கைக் கொடுத்தார். சாகக்கிடப்பவரின் ஆத்துமத்துக்குப் பலம் தரும் தேவதிரவிய அனுமானம் என்று ஞானோபதேச வகுப்பில் நான் ஒப்பித்த பதில், அப்போது என் உதட்டில் தானாக ஓடியது.

முருகனைக் கும்பிடுகிற பக்கத்து வீட்டுச் சரசக்கா வாசலில் நின்று பார்த்தார். "எண்ணெ வெக்கறாங்களா கண்ணு? அப்பச் சுடுதண்ணி வாக்கோணுமில்ல" என்றவர், போய் அண்டாவை அடுப்பில் ஏற்றினார். நான் தண்ணீர் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம், ஆறிப்போன அந்தத் தண்ணீரில்தான் அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டினார்கள்.