பறந்துபோன வாட்ச் பின்

என்னுடைய வாட்ச் சுவிட்சர்லாந்தில் செய்தது. இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று கையை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்ப்பேன். பெரம்பலூரில் பல் ஆஸ்பத்திரி தொடங்கிப் பல வருஷம் ஓட்டிவிட்டதற்காக எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு அது. வாங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. வைத்தியம் பார்க்கும்போது பல் டாக்டர் கையில் வாட்ச் கட்டக் கூடாது. அதனால் கழற்றி, நாற்காலியில் சாய்ந்திருப்பவர் கண்ணில் படுகிற மாதிரிப் பக்கத்து மேசையில் வைப்பேன். வலியோடு வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களுக்கு அதைப் பார்த்து ரசிக்கத் தோன்றியதே இல்லை.

அதில் தோல் பட்டை போட்டிருந்தது. எங்கள் வீடு அரியலூரில். தினமும் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற பஸ்ஸில் போய் வருகிறேன். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் அந்தத் தோல் இரண்டு கோடைகூடத் தாங்கவில்லை.

"உன் வாட்ச்ச கொஞ்சம் தள்ளி வையேன். ஈரச் செருப்பு மாதிரி நாறுது" என்றார் கணவர், சாப்பிட உட்கார்ந்த இடத்தில்.

கம்பெனியின் ஸ்டீல் செயினுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எனவே இதே மாடலுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்த வேறொரு செயினை ஆன்லைனில் வரவழைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வாட்ச் கடையில் கொடுத்திருந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் மாட்டிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் எனக்கு என் கைமேல் ஒரு கர்வம். பல்லின் வேருக்குள் மயிரிழை மாதிரி ஊசி விட்டுச் சுத்தம் செய்கிற கை. இரண்டு பின் மாட்டுவதற்கு இன்னொருவரிடம் போவதா?

வாட்ச்சின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே செயினைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன பின்தான். பாதித் தீக்குச்சி நீளம் இருக்கும். உள்ளே ஸ்பிரிங். முனைகளை அமுக்கிச் செயினோடு சேர்த்து உள்ளே தள்ளினால், கொம்பில் இருக்கும் துளைக்குள் 'டிக்' என்று உட்கார்ந்துகொள்ளும். மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று.

கீழ்ப்பக்கத்துப் பின்னை, செயின் கைக்கு வந்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மாட்டிவிட்டேன். உட்கார்ந்த சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உலகமே கைக்குள் வந்த மாதிரி இருந்தது. மேல்பக்கத்தைத் தொடங்குவதற்குள் முதல் நோயாளி வந்துவிட்டார்.

லப்பைக்குடிக்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் அவர். நிறைய வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நரைத்த தாடி நெஞ்சுவரை இறங்கியிருக்கும். கடைவாய்ப் பல் ஒன்று படாதபாடு படுத்துவதால் எடுக்க வந்திருந்தார். ஊசி போட்டேன். தாடை மரத்துப்போகச் சிறிது நேரம் ஆகும்.

"அப்படியே சாஞ்சிருங்க பாய். இதோ வந்துடுறேன்" என்று கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மேசையில் வாட்ச்சோடு உட்கார்ந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு கை தூரம்தான். அவர் வாயை லேசாகத் திறந்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

செயினின் வளைந்த முனை கொம்புகளுக்கு நடுவே கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. சொத்தை சுரண்டும் பழைய கொக்கி ஒன்றால் பின்னின் முனையை அமுக்கினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு இழை.

'டிக்' என்றது. கொம்புக்குள் பின் இல்லை. கொக்கியிலும் இல்லை.

குனிந்து தேடத் தொடங்கினேன். என்னோடு வேலை செய்யும் நர்ஸ் அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கீழ தேடாதீங்க மேடம். அவரு பக்கமாத்தான் பறந்துச்சு" என்றார்.

இரண்டு பேரும் பாயைப் பார்த்தோம். அவர் எச்சிலை விழுங்கினார்.

பாதி நாக்கும் பாதி உதடும் மரத்துப்போன மனிதர். வாய்க்குள் ஆணியே விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. விளக்கை இழுத்து வாய் முழுக்கப் பார்த்தேன். மார்பில் போட்டிருந்த துணியை உதறினேன், சட்டைப் பையைப் பார்க்கச் சொன்னேன், நாற்காலியின் இடுக்கெல்லாம் துழாவினேன். எங்கும் இல்லை.

"பாய், இருமல் வருதா? நெஞ்சுல ஏதாச்சும் உறுத்துதா?"

"இழ்ழியே... ஏன்?"

"ஒண்ணுமில்ல. வெளியில ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டா நல்லது."

"பழ்ழுக்குத்தான் முன்னயே எழுத்தாச்சே டாக்டரம்மா?"

நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். நர்ஸ் அம்மாவுக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது.

"மேடத்தோட வாட்ச் பின்னு உங்க வாய்க்குள்ள போயிருக்குமோன்னு சந்தேகம் பாய்."

அவர் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். ஒற்றைப் பக்கம் செயின் தொங்க வாட்ச் கிடந்தது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் மரத்த வாயைக் கோணிக்கொண்டு கேட்டார்.

"ஒழிஜினல் பின்னா?"

ஸ்கேன் சென்டர் அதே தெருவில் நாலு கடை தள்ளி இருந்தது. நான் முன்னாலும் பாய் பின்னாலுமாக நடந்தோம். முகக்கவசத்தை மறந்துபோய்க் கழற்றாமலே வந்திருந்தேன். அன்றைக்கு அது ஒன்றுதான் எனக்கு உதவி. அங்கிருந்த டாக்டர் எனக்குத் தெரிந்தவர், வயதில் இளையவர்.

"என்ன மேடம் உள்ள போயிருக்கு?"

"ஒரு சின்ன உபகரணம்."

"பல் வைக்கிற உபகரணமா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

"வாழ்ச்சு!" என்றார் பாய், ஓரத்தில் நின்றபடி.

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சட்டையைக் கழற்றி, கழுத்தும் நெஞ்சும் தெரிகிற மாதிரி நேராக நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். திரையில் தொண்டைக்குக் கீழே, நட்டநடுவில், வெள்ளை வெளேர் என்று ஒரு கோடு. முனைகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. என் வாட்ச் பின்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டும், குழாய் விட்டு எடுக்க வேண்டும், அவர் வீட்டுக்கு என்ன சொல்வது, என் வீட்டில் என்ன சொல்வது என்று வரிசையாக ஓடியது. 'பல் எடுக்கப் போனவருக்கு வாட்ச் மாட்டி அனுப்பிய டாக்டர்' என்று ஊர் பேசப்போவதும் காதில் கேட்டது. பாய் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பயப்படாழீங்க டாக்டரம்மா. இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் ஆவாது."

பின்னை விழுங்கியவர், விழுங்க வைத்தவளுக்குத் தைரியம் சொன்னார். அதைவிடப் பெரிய வெட்கம் எனக்கு அன்றைக்கு வேறு கிடையாது.

"பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துப் பார்த்துருவோம்" என்றார் ஸ்கேன் டாக்டர்.

எடுத்தார். திரையை உற்றுப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இது உடம்புக்குள்ளயே இல்லையே."

பக்கவாட்டுப் படத்தில் கழுத்து ஒரு பக்கம் இருந்தது. அதற்கு முன்னால், வெறும் காற்றில், அந்தக் கோடு தனியாக மிதந்தது. ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பாய் உட்பட மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாயின் தாடியைப் பார்த்தோம். துணியை உதறி, பையைச் சோதித்து, நாற்காலியைக் குடைந்த எனக்கு அங்கே தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் ஒரு பெரிய மனிதரின் தாடிக்குள் கையை விடும் துணிச்சல் வந்திருக்காது.

அவர் நிதானமாக விரலால் கோதினார். உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ். இந்தாங்க உங்க பின்னு."

ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்குள் மரப்பு குறையத் தொடங்கிவிட்டது. மறுபடியும் ஊசி போட வேண்டியதாயிற்று. இந்த முறை காத்திருந்த நேரம் முழுக்கக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் அம்மா வாட்ச்சை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். பல் நல்லபடியாக வந்தது. தையல் போட்டு அனுப்பினேன்.

இதற்குப் பிறகாவது வாட்ச் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இந்தக் கதையைச் சொன்னதும், கணவர் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது.

"கொசுவலைக்குள்ள உக்காந்து மாட்டு. பறந்தாலும் அதுக்குள்ளதான கெடக்கும்" என்றார்.

கேலிக்குச் சொன்னார். நான் நிஜமாகவே கட்டிலில் வலையை இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். பின் மூன்று முறை பறந்தது, மூன்று முறையும் வலையில் பட்டு விழுந்தது. நாலாவது முறை உட்கார்ந்தது. கொம்பின் பக்கத்தில் கொக்கி கீறிய தடம் மட்டும் விழுந்துவிட்டது. வெளியே வந்து கையில் கட்டிக்கொண்டு அவரிடம் காட்டினேன். மணிக்கட்டில் கனம் தெரிந்தது. கை முடி இரண்டு செயினுக்குள் சிக்கிச் சுருக்கென்றது. அதையும் பெருமையாகத்தான் பொறுத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்துப் பாய் தையல் பிரிக்க வந்தார். உள்ளே நுழைந்ததுமே கேட்டார்.

"வாட்ச் மாட்டியாச்சா டாக்டரம்மா?"

முதல் முறையாக ஒருவர் கேட்கிறார். கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். வளைகுடாவுல எங்க கபீலு, அதான் மொதலாளி, இதே மாதிரி ஒண்ணு கட்டியிருந்தாரு. ஆனா..."

"என்ன பாய்?"

"செயினு தலகீழா இருக்கே. பூட்டு எதிர்ப்பக்கம்ல தொறக்குது?"

வாங்கிப் பார்த்தேன். பூட்டு எதிர்த் திசையில்தான் திறந்தது. மேல்பக்கம் வர வேண்டிய பாதியைக் கீழ்ப்பக்கம் மாட்டியிருந்தேன். முதல் பின் போட்ட காலையிலேயே நடந்துவிட்ட தப்பு.

"டாக்டருங்க இப்படித்தான் மாட்டுவோம் பாய். கழட்ட வசதி" என்றேன்.

நர்ஸ் அம்மா தொண்டையைச் செருமினார். பாய் மரியாதையாகத் தலையாட்டினார்.

"அப்படிங்களா? எனக்குத் தெரியாதும்மா."

அவர் நம்பிய விதத்தைப் பார்த்ததும் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இல்ல பாய். தப்பா மாட்டிட்டேன்."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய் நிறையச் சிரித்தார். நானும் கத்தரியை நீட்டியபடி, "தையல் இழுக்கும் பாய், சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டு, அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன்.