கறுப்புப் பெட்டிக்கு முன்னால் நின்ற மீன்

செஞ்சியில் உப்புப் பொடியைத் தண்ணீரில் கரைத்து வீட்டுக்குள் கடல் வைத்திருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். கடைத்தெருவில் எங்களுக்கு பெயிண்டும் ஹார்டுவேரும் விற்கும் கடை, மாடியில் வீடு. பெயிண்ட் டீலர்களுக்கென்று ஏற்பாடு செய்த ஒரு டூருக்குப் போன என் கணவர், ஏதோ ஓட்டல் வரவேற்பறையில், கடல் மீனும் உயிர்ப் பவளமும் வளரும் பவளப்பாறைத் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. மகள் சென்னைக்குப் படிக்கப் போயிருந்த சமயம் அது. அவளுடைய மேசை இருந்த இடத்தில் தொட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். காலையில் எழுந்ததும் மனுஷர் என் முகத்தைப் பார்க்கமாட்டார், அதன் உப்பு அளவைத்தான் பார்ப்பார்.

தொட்டியின் ஒரு மூலையில் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. அதில் சீப்புப் பல் மாதிரி நீள நீளமாக இடைவெளிகள். மேலே இருக்கும் தண்ணீர் அதன் வழியாகப் பெட்டிக்குள் விழுந்து, குழாயில் இறங்கி, கீழ் அலமாரியில் இருக்கும் சின்னத் தொட்டியில் வடிகட்டப்பட்டு, மோட்டாரில் மறுபடி மேலே வரும். தண்ணீர் போகிற வழி என்பதோடு அந்தப் பெட்டியை நாங்கள் மறந்துவிட்டோம். கரண்ட் போனால் முதலில் தொட்டிக்குத்தான் இன்வெர்ட்டர். கோடையில் மலையின் சூடெல்லாம் ஊருக்குள் இறங்கும்போது அதற்கு ஏசி, எங்களுக்கு ஃபேன். கோட்டை ஏற வந்த உறவினர்கள் வெயிலுக்குப் பயந்து பாதியில் இறங்கிவந்து தொட்டி முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள்.

வினை ஒரு கல்லோடு வந்தது. சென்னையிலிருந்து அவர் வாங்கி வந்த பவளக் கல்லின் இடுக்கில், பழுப்பு நிறத்தில், விரல் நகம் அளவில் ஒரு பூ. அழகாக இருக்கிறதே என்று நான்கூடச் சொன்னேன். அது பூவல்ல, கடல் சாமந்தி என்கிற உயிர். அதிலும் தொட்டி வைத்திருப்பவர்கள் பேரைக் கேட்டாலே தலையில் கைவைக்கும் களைச் சாமந்தி. கொஞ்ச நாளில் கல்லெங்கும் முளைத்தது. பக்கத்தில் இருந்த பவளங்களை அதன் விழுதுகள் கொட்டிக் கொட்டிக் கருக்கின. அவர் பிளேடால் சுரண்டினார். கல்லை விற்ற வண்ண மீன் கடைக்காரரிடம் போனில் சொன்னபோது அவர் அதிர்ந்துபோனார்.

"ஐயோ, அதக் கிள்ளாதீங்கண்ணே. ஒரு துண்டு இருந்தா போதும், அதுலேர்ந்தே மொளச்சிடும்" என்றார்.

உண்மைதான். சுரண்டிய இடத்திலெல்லாம் குட்டிகள் வந்தன. ஊசி போடும் சிரிஞ்சில் சுண்ணாம்பைக் கரைத்து அதன் வாயில் செலுத்தலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை என்னிடம் கேட்டார். தொட்டி முழுக்கப் பால் மாதிரி கலங்கியதுதான் மிச்சம். கடையில் டிஸ்டெம்பர் கலக்குவது போதாதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் அந்தக் கடைக்காரரே இன்னொரு வழி சொன்னார். கடலில் அதைத் தின்று வாழும் மீன் ஒன்று இருக்கிறது, பட்டாம்பூச்சி மீன், அதை விட்டால் மருந்தும் வேண்டாம், பிளேடும் வேண்டாம் என்றார். ஆனால் எல்லா மீனும் போடுகிற தீனிக்குப் பழகாது, சில மீன் கடைசிவரை பழகவே பழகாது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதி எங்கள் காதில் நன்றாக விழுந்தது.

மீன் வந்தது. வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள், வால் பக்கம் பொய்க் கண் மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, முன்னால் ஊசி போல நீண்ட மூக்கு. நான் அதை மூக்கு மீன் என்றேன். அது தின்கிற விதத்தைப் பார்க்கவேண்டும். கல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும், பிறகு மறுகண்ணால் பார்க்கும். தேர்ந்தெடுத்துத்தான் மூக்கை நீட்டும். சாமந்தி சுருங்குவதற்குள் வேலை முடிந்திருக்கும். கடையிலிருந்து சாப்பிட வந்த அவர் தட்டோடு வந்து அதன் முன்னால் உட்காருவார். நானும் உட்கார ஆரம்பித்தேன். அதுவரை தொட்டியின் பக்கம் திரும்பாதவள், காலையில் காபியோடு போய் நின்றேன். என்னைக் கண்டால் அது கண்ணாடிக்கு வரும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அதை ஏன் மறைக்கவேண்டும்?

மழைக்காலம் முடிவதற்குள் தொட்டி துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு சாமந்திகூட இல்லை. போனவர் வந்தவரிடமெல்லாம் அவர் அந்த மீனைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டார். எனக்கும் அதில் பங்கு இருந்தது.

அதன் பிறகு அது எதையும் தின்னவில்லை. உறைய வைத்த இறால் குஞ்சு போட்டோம். உயிர்ப் புழு வாங்கி வந்து போட்டோம். மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் சொல்லிவைத்து, மட்டி வாங்கி, ஓட்டைத் திறந்து கல்லில் கட்டி வைத்தோம். அது கிட்டே வரும், ஒரு கண்ணால் பார்க்கும், மறுகண்ணால் பார்க்கும், போய்விடும். வயிறு உள்வாங்கியது. கண்ணுக்கு மேலே தலை ஒடுங்கியது. போட்டதைத் தின்றால் என்னவாம் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் மகளையும் அப்படித்தான் திட்டியிருக்கிறேன்.

அந்த நாட்களில் அது ஒரே இடத்தில் நிற்கப் பழகியது. மூலையில் இருந்த கறுப்புப் பெட்டிக்கு நேர் முன்னால். இடைவெளிகளில் மூக்கை விடும், எடுக்கும், அடுத்த இடைவெளியில் விடும். தண்ணீர் இழுப்பது அதற்குச் சுகமாக இருக்கிறது போல என்றார் அவர். "ரேஷன் கடைல நிக்குது. இன்னும் கடை தெறக்கலையாம்" என்றேன் நான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் பார்க்க வந்தபோது அவரே அந்த வசனத்தைச் சொல்லிக்காட்டினார்.

ஆனால் அது மெலிய மெலிய எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குச் சாமந்தி வேண்டும். யாரிடம் கேட்டாலும் இல்லை என்றார்கள். வைத்திருந்தவர்களும் மருந்து போட்டு அதைக் கொன்றிருந்தார்கள். புதுச்சேரியில் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் மட்டும், ஒரு கல் முழுக்க இருக்கிறது, தூக்கியெறியத்தான் வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இதைக் கொல்ல வழி கேட்டுத்தான் எல்லோரும் போன் செய்வார்கள், வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று சிரித்தாராம்.

மறுநாள் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, காலிப் பெயிண்ட் வாளி ஒன்றை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டு, அவர் திண்டிவனம் பஸ் ஏறினார். அங்கே இறங்கி புதுச்சேரி பஸ் பிடிக்கவேண்டும். கிளம்பும்போது, "சாயங்காலம் வந்துடுவேன், அதப் பாத்துக்கோ" என்றார். ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுப் போகிறவர் குரல் மாதிரி இருந்தது.

நான் பார்த்துக்கொண்டேன். பார்ப்பதைத் தவிர என்ன செய்யமுடியும்? மத்தியானம் சமையலை முடித்துவிட்டு வந்தபோது, வழக்கம்போல் அது பெட்டியின் முன்னால் நின்றிருந்தது. கிட்டே போனபிறகுதான் தெரிந்தது, அது நிற்கவில்லை. தண்ணீரின் இழுப்பு அதை இடைவெளிகளின்மேல் அழுத்தி வைத்திருந்தது. செவுள் அசையவில்லை. மூக்கு உள்ளே இருந்தது.

கையை விட்டு எடுத்தேன். அது அவ்வளவு லேசாக இருந்தது. ஒரு மீனுக்காக அழுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அழுதேன்.

பஸ்ஸில் இருந்தவருக்கு போன் செய்ய மனம் வரவில்லை. சாயங்காலம் வாளியோடு படியேறி வந்தார். சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர் சிந்திக் காய்ந்திருந்தது. கண்டக்டர், பெயிண்ட்டா என்று கேட்டாராம். மீனுக்குச் சாப்பாடு என்றாராம். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியிடம் போகாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். மொட்டைமாடியில் செம்பருத்திச் செடித் தொட்டியில் மீனைப் புதைத்தோம்.

அந்தக் கல்லை என்ன செய்வது என்று தெரியவில்லை. பெரிய தொட்டியில் விட்டால் மறுபடி பரவும். தூக்கியெறியவும் அவருக்குக் கை வரவில்லை. வாளியிலேயே காற்றுக் குழாய் போட்டு வைத்திருந்தார்.

பொங்கல் கழிந்து சில வாரத்தில் தொட்டியில் தண்ணீர் சரியாக இறங்காமல் கொளகொளவென்று சத்தம் வந்தது. மேல்மட்டம் விளிம்புவரை ஏறிவிட்டது. குழாய் அடைத்துக்கொண்டது என்று சொல்லி, அவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கறுப்புப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். போன் டார்ச்சை உள்ளே அடித்தார். ரொம்ப நேரம் இறங்கவேயில்லை. நான் கீழே இருந்து என்ன என்று கேட்டேன். இறங்கி, ஸ்டூலை எனக்கு விட்டார்.

உள்ளே நான்கு பக்கச் சுவரிலும் சாமந்தி. இண்டு இடுக்கு இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக. குழாயின் வாயை அடைத்திருந்ததும் அவைதான். கல்லில் இருந்தபோது நகம் அளவுக்கு மேல் நான் பார்த்ததில்லை. இவை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பிளேடால் சுரண்டியபோது தண்ணீரோடு உள்ளே போன துண்டுகள் எத்தனையோ மாதங்களாக அங்கேயே வளர்ந்திருக்கவேண்டும். இடைவெளிகளுக்கு நேர் பின்னால் இருந்தவைதான் எல்லாவற்றிலும் பெரியவை. அந்த மூக்கு எட்டுவதற்கு இன்னும் கொஞ்சம்தான் தூரம்.

"அதுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார் அவர். "நமக்குத்தான் காட்டிக்கினே இருந்திருக்குது."

ரேஷன் கடை என்று சொன்னது நான்தான். சரக்கு உள்ளே நிறைய இருந்தது. அந்த மூடிக்கு ஒரு திருகாணிகூடக் கிடையாது. இரண்டு விரலால் தூக்கினால் வந்துவிடும்.