இலக்கம் ஒன்றாயிருந்தும்

நான் சிறுவர் பராமரிப்புச் சான்றிதழ் படித்த கல்லூரி, சிட்னியின் பிளாக்டவுனில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நான் படித்து முடித்த கொஞ்சக் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். வகுப்பே நடத்தாமல் பலருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று கதை வந்தது. கதை பொய்யில்லை. ஆனால் நான் ஒழுங்காகப் போய்ப் படித்தவள். செவன் ஹில்ஸில் பெட்டி அடுக்கும் வேலையை முடித்துவிட்டு, வேலைச் சப்பாத்தோடேயே படியேறி வகுப்பில் போய் இருந்தவள்.

அதனால் டிப்ளோமாவுக்கு வேறொரு கல்லூரியில் சேரப் போனபோது எனக்குப் பயம் இருக்கவில்லை. இந்த நாட்டில் இப்படியான படிப்புகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. சிட்னியில் படித்தாலும் மெல்போர்னில் படித்தாலும் அதே இலக்கம்தான். ஒரு கல்லூரியில் தேறிய பாடத்தை இன்னொரு கல்லூரியில் திரும்பப் படிக்கத் தேவையில்லை. இலக்கம் வைத்ததே அதற்காகத்தான் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

புதிய கல்லூரியில் பாடங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் தமிழ்நாட்டுப் பெண். என்னைவிட இளையவர். என் சான்றிதழை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நம்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நம்பரை யார் வேணா டைப் பண்ணலாமே?"

"நான் படிச்சனான்," என்றேன்.

"இல்லைன்னு சொல்லலைங்க. அந்த காலேஜ் பேரைப் பார்த்தாலே எங்களுக்கு யோசனையா இருக்கு. ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்க. சரியா இருந்தா, திரும்பப் படிக்க வேணாம்னு கிரெடிட் கொடுத்துடறேன்."

பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "உங்ககூடப் படிச்சவங்க வேற யாராவது இங்க சேர்றாங்களா?"

தெரியாது என்றேன். வெளியே வரவேற்பில் நின்றபோது என்னோடு ஆங்கிலம் மட்டும் பேசியவர், கதவைச் சாத்திய பிறகு இன்னும் குழைந்து தமிழ் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அவ உன்னட்டைக் கதை பிடுங்கிறா. ஒண்டும் சொல்லாதை. எல்லாத்தையும் திரும்பப் படிக்க வைச்சாத்தானே அவைக்கு லாபம்."

அந்த வார இறுதியில், கிரவீனில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளும் யாழ்ப்பாணம்தான். பிளாக்டவுன் கல்லூரியில் அவளை முதல் நாள் பார்த்தேன். அதற்குப் பிறகு, கேக் வெட்டிப் படம் எடுத்த கடைசி நாளில்தான் பார்த்தேன். அந்தச் சான்றிதழோடு ஒரு பராமரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கைக்குழந்தைகளின் அறை அவளுடையது. என் தங்கையின் மகனையும் அங்கேதான் விடுகிறார்கள்.

கதிரையின் நுனியில் இருந்தபடி சொன்னாள்: "அக்கா, நானும் உங்கடை புதுக் கொலிஜ்ஜிலைதான் சேரப் போறன். ஆரும் கேட்டா, நானும் உங்களோடை வகுப்புக்கு வந்தனான் எண்டு சொல்லுங்கோ. வேலையிலை எல்லாம் பழகிட்டன். திரும்பப் படிக்கிறது வீண்தானே?"

"பாப்பம்," என்றேன். அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் போனபிறகுதான் யோசித்தேன். என்னிடம் கேட்பார்கள் என்று இவளுக்கு யார் சொன்னது? ஒருவேளை இவளிடமும் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பற்றி விசாரித்தார்களோ?

செய்து காட்டும் நாளில் என்னையும் அவளையும் ஒன்றாகவே கூப்பிட்டிருந்தார்கள். வேண்டுமென்றுதான் செய்கிறார்கள் என்று நினைத்தேன். அறையில் தொட்டில், குழந்தைப் பொம்மை, கைகழுவும் தொட்டி எல்லாம் இருந்தன. முதலில் நான். கை கழுவினேன், நாப்கின் மாற்றினேன், பாலின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன், பொம்மையை மல்லாத்திப் படுக்க வைத்தேன். பொறுப்பாளர் தாளில் சரி போட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்தது அவள். அவளுடைய கை என்னுடையதைவிட வேகம். பொம்மையைத் தூக்கிய விதத்திலேயே நாளும் பொழுதும் குழந்தைகளோடு இருக்கிறவள் என்று தெரிந்தது. கடைசியில் அதைத் தொட்டிலில் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டினாள்.

"சென்டர்லயும் இப்படித்தான் படுக்க வைப்பீங்களா?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"அழுதா மட்டும். குப்புறக் கிடந்தா நல்லா நித்திரை கொள்ளுவினம்."

கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கவே கூடாது, மூச்சடைத்துப் போகலாம். கைக்குழந்தைப் பராமரிப்புப் பாடத்தில் முதலில் சொல்லித் தருவதே அதுதான். எங்களுக்குச் சலித்துப் போகும்வரை சொன்னார்கள். என் சான்றிதழிலும் அவளுடையதிலும் அந்தப் பாடத்துக்கு ஒரே இலக்கம்.

பொறுப்பாளர் என் பக்கம் திரும்பினார். "இவங்க உங்ககூடத்தானே படிச்சாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டாரா என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தங்கையின் மகனுடைய முகம்தான் தெரிந்தது.

"முதல் நாள் வந்தவ. பிறகு வகுப்பிலை நான் காணேல்லை."

கார் நிறுத்துமிடத்தில் என்னை மறித்தாள். "நல்லாயிருக்கு அக்கா. அவவுக்கு நல்ல பிள்ளையாகிட்டியள்."

"என்ரை தங்கச்சியின்ரை மகன் உம்மடை அறையிலைதானே நித்திரை கொள்ளுறவன்?"

அவள் திரும்பிக் கார்க் கதவைத் திறந்தாள். "அவன் ஒருநாளும் என்னட்டை அழேல்லை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றே தங்கையிடம் சொன்னேன். தங்கை நிலைய நிர்வாகியிடம் சொன்னாள். அவளைப் பெரிய பிள்ளைகளின் பக்கம் மாற்றினார்கள். படித்துக்கொண்டே வேலை செய்யலாம் என்பதால் வேலை போகவில்லை. ஆனால் எல்லாப் பாடங்களையும் அவள் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

எனக்கு ஒரு பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கிரெடிட் கிடைத்தது. அந்த ஒன்றின் இலக்கம் இடையில் மாறிவிட்டது, பழையதும் புதியதும் சமமில்லை என்றார் பொறுப்பாளர். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அரசாங்க இணையத்தளத்தில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். அந்த மனுசி என்னை உளவு பார்க்க வைத்தாரா, தன் வேலையை மட்டும் செய்தாரா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில மாதங்களுக்குப் பிறகு தங்கை தொலைபேசியில் கேட்டாள். "அக்கா, அவ திரும்பவும் பேபி ரூமுக்கு வந்திட்டா. பிள்ளையை விடலாமோ?"

"இப்ப கைக்குழந்தைப் பாடத்தை ஒழுங்காப் படிச்சுப் பாஸ் பண்ணினவ. விடு," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த நாள் பிள்ளையைக் கூட்டிவர நானே போனேன். வேண்டுமென்றே குழந்தைகள் நித்திரை கொள்ளும் நேரத்திலேயே போய் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். தொட்டிலுக்குத் தொட்டில் பார்த்தேன். எல்லோரும் மல்லாந்துதான் கிடந்தார்கள். அவள் என்னைக் கண்டு கதவைத் திறந்தாள்.

"நல்லாப் பாத்திட்டுப் போங்கோ, அக்கா."

குரலில் கோபம் இருந்ததா என்று என்னால் பிடிக்க முடியவில்லை. நான் உள்ளே போய் நன்றாகவே பார்த்தேன்.