மகள் பெயரில் ஓர் உதவித்தொகை

எங்கள் ஒரே மகள் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை அந்தக் கல்லூரியிலேயே கட்டினோம். ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் இளங்கலை மாணவி ஒருத்திக்கு ஆண்டுதோறும் அவள் பெயரில் உதவித்தொகை. யோசனை என் கணவருடையது.

முதல் வருடம் தேவதானத்து விவசாயி ஒருவரின் மகளுக்குக் கிடைத்தது. ஓடை நத்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி. மேடையில் எங்கள் மகளின் பெயரைச் சொல்லி அந்தப் பெண்ணை அழைத்ததும் என் கணவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நாலு மாதம் கழித்து அந்தப் பெண் ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வந்தாள். செட்டியார்பட்டிப் பக்கத்து ஓடையில் நத்தைகள் செத்துக் கிடந்தனவாம். ஓடையோரமாகவே மேலே நடந்து பார்த்திருக்கிறாள். கழிவு நீர் வந்த குழாய் எங்கள் பட்டறையுடையது. பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறை.

"காலேஜ்ல குடுக்கதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சும்மா" என்றாள் என்னிடம்.

கணவர் எழுந்துவிட்டார். "எம் புள்ள பேருல உதவி வாங்கிட்டு, என்னையவே காட்டிக்குடுக்க வந்திருக்கியா?"

அவள் ஃபைலை மூடினாள். "அக்கா பேருல வாங்குனதுனாலதான் சார் மறைக்க முடியல."

நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மறுநாள் அவர் கல்லூரிக்குப் போன் போட்டார். அந்த மாதமே அவள் தலைப்பு வண்ணத்துப்பூச்சிகள் என்று மாறிவிட்டது.

இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தங்கியிருந்த கல்லூரி விடுதிக்குப் போய், "அந்த ஃபைல் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. அதை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"என் கையெழுத்துப் போட்டு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல குடுக்கப் போறேன்."

"வேண்டாம்மா. பொறவு வீட்ல சண்டையாயிரும்."

"ஆகட்டும்" என்று வாங்கி வந்தேன்.

அதிகாரிகள் வந்து ஓடைத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். சுத்திகரிப்புத் தொட்டி கட்டும்வரை பட்டறைக்குப் பூட்டு. அந்தப் பெண் பழைய தலைப்பிலேயே எழுதி முடித்தாள். கணவர் என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார்: "நம்ம புள்ள இருந்தா இப்பிடிச் செஞ்சிருப்பாளா?" செய்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டறையில் துணி மடித்த பெண்கள் இப்போது கடைத்தெருவில் என்னை நிறுத்துகிறார்கள். "எப்பம்மா தொறப்பிய? இன்னும் எம்புட்டு நாளாகும்?" பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, தெரியவில்லை என்கிறேன்.