குறோவின் சுவரில் மாட்டிய படம்

டென்மார்க்கின் வைலே நகரத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் வரும் கிராமம் ஒன்றில், ஒரு குறோவின் சமையலறையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். குறோ என்றால் மதுச்சாலையும் தங்குமிடமும் சேர்ந்த பழைய வீடு. ஊரில் கலியாணமென்றாலும் செத்தவீடென்றாலும் சாப்பாடு அங்கேதான்.

வியாழன் மதியங்களில் ஒரு கிழவர் வருவார். பன்றிப் பண்ணை வைத்திருந்து ஓய்ந்தவர், கலியாணம் கட்டாதவர். தனியே இருந்து சாப்பிட்டு, ஒரு பியர் குடித்துவிட்டுப் போவார். மற்ற மேசைக்காரர் அவரை 'ஜேர்மன்காரன்' என்று கூப்பிடுவார்கள். பகிடியென்று நினைத்து நானும் சிரித்திருக்கிறேன்.

குறோவின் ஆண்டுவிழாவுக்காக முதலாளி ஊரின் பழைய படங்களைப் பெரிதாக அச்சடித்தார். ஒன்றில், இந்தக் குறோவின் முற்றத்திலேயே ஒரு இளம்பெண்ணைக் கதிரையில் இருத்தி, இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடிக்க, மூன்றாவது ஆள் அவளுடைய தலைமயிரை வெட்டுகிறான். அவளுக்கு வயிறு தள்ளியிருக்கிறது. சுற்றி நிற்கிற சனம் சிரிக்கிறது.

"ஜேர்மன்காரர் இந்த நாட்டைப் பிடிச்சு வைச்சிருந்த சண்டை முடிஞ்ச கிழமை எடுத்தது" என்றார் முதலாளி. "ஜேர்மன் ஆமிக்காரனோடை திரிஞ்சவள். வியாழக்கிழமை வாறாரே, அவரின்ரை தாய்."

"அவர் பார்த்தால்?"

"பாக்கட்டும். சரித்திரந்தானே."

கிழவரின் மேசைக்கு நேரெதிரே இடத்தைக் காட்டினார். ஏணியில் ஏறி ஆணி அடித்தது நான்.

அந்த வியாழன் எல்லா மேசையும் நேரத்தோடு நிரம்பிவிட்டது. அவருடைய முகத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். கிழவர் வந்தார், இருந்தார், நிமிர்ந்தார். பிறகு எழுந்து சமையலறைக் கதவடிக்கு வந்தார்.

"நீங்களோ கொழுவினனீங்கள்?"

"ஓம்."

"கழட்டிவிடுவீங்களே? அதிலை நானும் இருக்கிறன்."

என் கையில் உருளைக்கிழங்குச் சட்டி இருந்தது. "முதலாளியைக் கேளுங்கோ" என்றேன்.

முதலாளிக்குக் கேட்டிருந்தது. "இவ்வளவு வடிவான மனுசியை ஏன் ஒளிக்கவேணும்?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது.

"கத்தரிக்கோல் வைச்சிருக்கிறது உங்கடை தாத்தா" என்றார் கிழவர். "அதையும் எழுதிப்போடுங்கோ."

"கீழை எழுதியிருக்குத்தானே. கண் தெரியேல்லையோ?"

உண்மைதான். பொன்னிற எழுத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. கதிரையில் இருந்தவளுக்குப் பெயர் இல்லை.

கிழவர் சாப்பிடாமல் போனார். பிறகு வரவில்லை.

அன்று வீட்டில் கணவரிடம் சொல்லி அழுதேன். "உனக்கேனப்பா இந்தத் தொல்லை? வேலை போயிடும்" என்றார். பிறகு சொன்னார்: "எங்கடை ஊரிலை இயக்கம் ஒருத்தனைத் துரோகியெண்டு லைட் போஸ்ட்டிலை கட்டிச் சுடேக்கை நாங்களும் சுத்தி நிண்டு பாத்தனாங்கள்தானே. அண்டைக்கு ஆர் வாய் திறந்தது?"

அழுகை நின்றுவிட்டது.

வசந்தத்தில் கிழவர் செத்துப்போனார். அடக்கம் முடிந்து கோப்பி குடிக்க ஏழெட்டுப் பேர் குறோவுக்கு வந்தார்கள். அன்றைக்கு மட்டுமாவது படத்தை மூடட்டுமா என்று கேட்டேன். முதலாளி கேக்கை வெட்டச் சொன்னார். வந்தவர்களில் ஒரு முதியவர் படத்துக்குக் கிட்டப் போய், கூட்டத்தில் ஒரு சிறுவனின் மேல் விரலை வைத்தார்.

"இது நான். அண்டைக்கு எங்களுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை" என்றார் சந்தோசமாக.

நான் அவருடைய கோப்பையை நிரப்பினேன்.